கிணற்றில் நஞ்சு: ஒரு வதந்தியின் முகவரி



அயலார் மீதான வெறுப்பு என்பது இந்த உரையின் பொருள். இதைப் பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். அதனால் ஜப்பானில் நடந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1923 செப்டம்பர் 1, சனிக்கிழமை, பகல் 11.58. டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் வீடுதோறும் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் பூமி குலுங்கியது. மரவீடுகள் சரிந்து அடுப்பின்மேல் விழுந்தன. ஏறக்குறைய 1,05,000 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு. தொலைபேசி இல்லை, ரயில் இல்லை. நாளிதழ்களின் அச்சகங்களில் பெரும்பாலானவை எரிந்துவிட்டன. ஜப்பானில் வானொலி ஒலிபரப்பு தொடங்க இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. செய்தியே இல்லாத அந்த நகரத்தில் அன்று மாலையே ஒரு செய்தி மட்டும் ஓடத் தொடங்கியது: கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணறுகளில் நஞ்சைக் கலக்கிறார்கள்.

அடுத்த சில நாள்களில் ஊருக்கு ஊர் காவல்படைகள் முளைத்தன. மீன் வியாபாரி, அரிசிக்கடைக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். கையில் மூங்கில் ஈட்டி, வீட்டில் கிடந்த பழைய வாள், தீயணைப்போர் வைத்திருக்கும் கொக்கிக்கழி. சாலையில் போகிறவரை நிறுத்தி, “பதினைந்து யென் ஐம்பது சென்” என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். ஜூகோ-என் கோஜிஸ்ஸென். கொரிய நாக்குக்குச் சொல்லின் முதலில் வரும் ‘ஜூ’வும் மென்மையான ‘கோ’வும் எளிதில் வராது. தடுமாறியவர் கொரியர், கொரியர் என்றால் சாவு. தமிழிலும் சொல்லின் முதலில் ககரம் வல்லொலிதானே? நம்மில் பலர் அந்தச் சோதனையில் தேறியிருக்க மாட்டோம்.

கொல்லப்பட்ட கொரியர்கள் எத்தனை பேர்? சில நூறு என்பதிலிருந்து 6,000க்கு மேல் என்பதுவரை கணக்குகள் உண்டு. சீனத் தொழிலாளர்கள் பல நூறு பேரும் கொல்லப்பட்டார்கள்.

இதை “பீதியில் மக்கள் அறிவிழந்தார்கள்” என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வதந்தி காற்றில் வரும் என்கிறோம். இந்த வதந்திக்கு முகவரி உண்டு.

கொரியா 1910இல் ஜப்பானுடன் இணைத்துக்கொள்ளப்பட்டது. 1919 மார்ச் 1 அன்று அங்கே விடுதலை முழக்கம் எழுந்தது. ஜப்பான் அதை ரத்தத்தில் அடக்கியது. அதற்குப் பிறகு காவல்துறைக் கோப்புகளிலும் நாளிதழ்த் தலைப்புகளிலும் கொரியர் என்றாலே “அடங்காத கொரியர்” என்று எழுதுவது வழக்கமாயிற்று. நிலநடுக்கம் வந்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் மிசுனோ ரென்தாரோ. அதற்குமுன் அவர் கொரியாவில் ஆளுநருக்கு அடுத்த பதவியில் இருந்தவர். அங்கே போய் இறங்கிய 1919 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையத்தில் ஆளுநரைக் குறிவைத்து எறியப்பட்ட குண்டுக்கு அருகே இருந்தவர். டோக்கியோ காவல்துறைத் தலைவர் அகாய்கேவும் கொரியாவில் அவருக்குக் கீழே காவல் பொறுப்பில் இருந்தவர்தான். ஆளப் போன இடத்தில் கொண்ட அச்சத்தை இவர்கள் தலைநகருக்குக் கூடவே எடுத்து வந்திருந்தார்கள்.

செப்டம்பர் 2 அன்று ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. சைதாமா மாவட்ட நிர்வாகம், காவல்படை அமைத்து எச்சரிக்கையாக இருங்கள் என்று ஊர்களுக்கு அறிவுறுத்தியது. 3ஆம் தேதி காலை ஃபுனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து, உள்துறையின் காவல் பிரிவுத் தலைவர் பெயரில், நாடெங்கும் உள்ள ஆளுநர்களுக்குத் தந்தி போனது: கொரியர்கள் பல இடங்களில் தீ வைக்கிறார்கள், கடுமையாகக் கண்காணியுங்கள். தெருவில் ஓடிய பேச்சு அரசு முத்திரையோடு திரும்பி வந்தது. அதன்பின் அரிசிக்கடைக்காரர் எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்? தான் கொலை செய்வதாக அவர் நினைக்கவில்லை, கடமை செய்வதாக நினைத்தார்.

செப்டம்பர் 6 அன்று சிபா மாவட்டத்து ஃபுகுதா கிராமத்தில், தோனே ஆற்றங்கரையில், மருந்து விற்கும் நாடோடி வியாபாரிகள் 15 பேர் ஓடம் ஏற நின்றார்கள். ஷிகோக்கு தீவின் ககாவாவிலிருந்து வந்தவர்கள். அத்தனை பேரும் ஜப்பானியர்கள். பேச்சு வேறு மாதிரி இருந்ததால் ஊர்க்கூட்டம் சூழ்ந்துகொண்டது. 9 பேரைக் கொன்றார்கள். அவர்களில் குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் உண்டு. அந்த வியாபாரிகள் புராக்கு மக்கள். ஜப்பானியச் சமூகம் பல தலைமுறையாகத் தீட்டு என்று ஒதுக்கி வைத்தவர்கள். ஆகவே உயிர் தப்பியவர்களின் குரலைக் கேட்கவும் ஆள் இல்லை. தண்டிக்கப்பட்ட கொலையாளிகள் சில ஆண்டுகளிலேயே பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார்கள். அங்கே நினைவுக்கல் எழ 2003 வரை ஆயிற்று. நம் நாட்டில் சேரியின் வரலாறு அறிந்தவர்களுக்கு இந்த மௌனம் புதிதல்ல.

இந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் யோகோஹாமாவின் சுருமி காவல் நிலையத் தலைவர் ஓகாவா சுனேகிச்சியின் பெயரும் வரும். சுமார் 300 கொரியர்களை நிலையத்துக்குள் வைத்துக் காத்தவர். ஆயிரம் பேர் கூடி நின்று அவர்களைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். நஞ்சு கலந்ததாகச் சொல்லப்பட்ட தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்தின் முன் குடித்துக் காட்டினார் என்பார்கள். கொரியர்களே பின்னாளில் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். நல்லது. ஆனால் இந்தக் கதையைக் கேட்டு நெஞ்சு நெகிழ்வதோடு நிறுத்துவது எனக்குப் போதவில்லை. ஒரு நிலையத் தலைவரால் முடிந்தது என்றால், சைதாமாவின் ஹொன்ஜோவில் கூட்டம் காவல் நிலையத்துக்குள்ளேயே புகுந்து கொரியர்களைக் கொன்றபோது அங்கிருந்த காவலர்களால் ஏன் முடியவில்லை? ஓகாவாவைப் புகழும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

இறந்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? டோக்கியோவில் யோகோஅமிச்சோ பூங்கா இருக்கிறது. அன்று ராணுவச் சீருடைக் கிடங்கு இருந்து காலியான அந்த மைதானத்தில் தஞ்சம் புகுந்த சுமார் 38,000 பேர் தீயில் கருகினார்கள். அங்கேயே 1973இல் கொரியர்களுக்கும் ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அன்று நடக்கும் அஞ்சலிக்கு டோக்கியோ ஆளுநர்கள் இரங்கல் செய்தி அனுப்பிவந்தார்கள். கடும் தேசியவாதி என்று பெயரெடுத்த இஷிஹாரா ஷிந்தாரோகூட அனுப்பினார். 2017 முதல் ஆளுநர் கோய்கே யுரிகோ அனுப்புவதில்லை. நிலநடுக்கத்தில் இறந்த எல்லோருக்கும் சேர்த்து அஞ்சலி செலுத்துகிறேனே என்பது அவர் விளக்கம். கூரை விழுந்து செத்தவரையும் அண்டை வீட்டான் ஈட்டியில் செத்தவரையும் ஒரே வரியில் எழுதினால் கொன்றவன் காணாமல் போய்விடுவான். 2023இல், நூற்றாண்டு நாளுக்குச் சற்றுமுன், அமைச்சரவைத் தலைமைச் செயலராக இருந்த மட்சுனோ ஹிரோகாசு, உண்மையை உறுதிசெய்யும் ஆவணங்கள் அரசிடம் இல்லை என்றார். கொலைகள் நடந்ததை ஜப்பான் அரசின் பேரிடர்க் குழு அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. இறந்தவர்களில் ஒன்று முதல் சில விழுக்காட்டினர் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் என்றும் அது கணிக்கிறது.

அண்மை ஆண்டுகளில் அந்த அஞ்சலி நடக்கும் அதே நேரத்தில் அதே பூங்காவில் இன்னொரு கூட்டமும் கூடிவந்திருக்கிறது, கொலையே நடக்கவில்லை என்று சொல்ல. 2019இல் அங்கே பேசப்பட்டவற்றை வெறுப்புப் பேச்சு என்று டோக்கியோ நிர்வாகமே மறு ஆண்டு அறிவித்தது. அதற்குப் பிறகும் ஆளுநரின் இரங்கல் செய்தி வரவில்லை.