வித்தும் விளைநிலமும்

பயிர் விளைவதற்கு வித்து மட்டும் போதாது. அதனைத் தாங்கி ஊட்டும் நிலமும் வேண்டும் என்பதை நேயர்கள் அறிவர். ஆண் விலங்கின் விதையினுள்ளும் இவ்விரண்டும் உள. விந்தாக மாறும் மூலவுயிர்க் கலங்கள் வித்துப் போன்றவை. அவற்றைச் சூழ்ந்து பேணும் உடற்கலங்கள் நிலம் போன்றவை. விந்து உண்டாகாத நிலையை ஆராய்வோர் முதலிற் கேட்கும் வினா இதுவே: பழுது வித்திலா, நிலத்திலா?

விடை தேடுவோருக்கு இன்று பன்றி பெருந்துணை புரிகின்றது. உடலளவில் அது எலியைவிட மனிதனுக்கு அணித்தானது. பிறந்து சில நாட்களேயான பன்றிக்குட்டியின் விதையில் விந்து இராது. நுண்ணிய குழாய்களின் உள்ளே பருத்த, உருண்டையான கலங்கள் சிலவே காணப்படும். பிற்காலத்து விந்துக்கு முன்னோர் அவையே. அவற்றைச் சூழ்ந்து நிற்பவை, 1865ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் என்றிக்கோ சேர்ட்டோலி விவரித்த ஊட்டுங் கலங்கள். குழாய்களுக்கு இடையே உள்ளவை, 1850இல் ஜேர்மானியரான பிரான்ஸ் லெய்டிக் விவரித்த கலங்கள். ஆண் ஓமோனைச் சுரப்பவை இவை. பன்றியில் இவற்றின் தொகை மிகப் பெரிது.

இழையத்தை நொதியங்களாற் கரைத்தால் இம்மூவினமும் ஒன்றாய்க் கலந்துவிடும். உடற்கலங்கள் வளர்ப்புத் தட்டில் விரைந்து ஒட்டிக்கொள்ளும். மூலவுயிர்க் கலங்கள் பிந்தியே ஒட்டும். இவ்வேற்றுமையைக் கொண்டு அவற்றை ஓரளவு பிரிக்கலாம். பின்னர், ஒவ்வோரினத்துக்கும் உரிய புரதத்தைச் சாயமேற்றிக் கண்டு, இனத்தை உறுதிசெய்வர்.

2017இல் வெளியான ஆய்வொன்று வித்தையும் நிலத்தையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. 'நானோஸ் 2' என்னும் பரம்பரையலகு செயலிழந்த ஆண் பன்றிகளில் மூலவுயிர்க் கலங்கள் இல்லை. குழாய்களோ குறைவின்றி இருந்தன. அத்தகைய விதைகளில் வேறொரு பன்றியின் கலங்களை இட்டபோது அங்கே விந்து உண்டாயிற்று என்பதை 2020இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் அறிவித்தனர். வித்து அற்றபோதும் நிலம் பயன் குன்றவில்லை.

இதன் பயன் பன்றிப் பண்ணையோடு நின்றுவிடுவதன்று. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுவனின் மூலவுயிர்க் கலங்கள் அச்சிகிச்சையாலேயே அழிந்துவிடக் கூடும். பருவமடைந்தவனாயின் விந்தை முன்னரே உறையவைத்துக் காக்கலாம். பருவமடையாதவனிடம் விந்து இல்லை. விதையிழையத்தின் சிறு துண்டொன்றையே காத்துவைக்க முடியும். அவன் வளர்ந்தபின் அதிலுள்ள கலங்களை மீள இடுவது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. இடும்போது புற்றுநோய்க் கலம் ஒன்றுதானும் உடன் சென்றுவிடலாகாது. ஆகவே, எக்கலம் எவ்வினத்தது என ஐயமறத் தெளியும் அறிவே, அச்சிறுவனின் தந்தைமைக்கும் உயிருக்கும் ஒருங்கே காவலாகும்.