குறை யாருடையது?



ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. அதன் மேல் உதடு பிளந்திருக்கிறது. உடனே வீட்டார் என்ன கேட்கிறார்கள்? "கிரகணத்தன்று காய் நறுக்கினாயா?" என்று கேட்கிறார்கள். பெற்ற வலி தீராமல் படுத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது?

கிரகணம் என்பது நிழல். சூரியனை நிலா மறைத்தால் சூரிய கிரகணம். நிலா மேல் பூமியின் நிழல் விழுந்தால் சந்திர கிரகணம். அந்த நிழல் வயிற்றுப் பிள்ளையின் உதட்டைத் தொடாது. உதடு ஒன்றுசேர்வதே இரண்டாம் மாதத்தில்தான். ஏழாம் மாதம் வந்த கிரகணம் அதை எப்படிப் பிளக்கும்?

இரண்டாம் மாதம் என்றேன். அதைக் கவனியுங்கள். மூளையும் முதுகுத் தண்டும் அதைவிட முன்பே உருவாகத் தொடங்கிவிடும். கரு உண்டான நான்கு வாரத்துக்குள் முதுகுப் பக்கம் மூடிக்கொள்ள வேண்டும். "நாள் தள்ளிப் போயிருக்கிறதே" என்று நாம் விரல்விட்டு எண்ணும்போதே அந்த வேலை முடிந்துவிடும். அது சரியாக நடக்க ஃபோலிக் அமிலம் என்ற சத்து வேண்டும். கீரையிலும் பருப்பிலும் அது உண்டு. ஆனாலும் மாத்திரையும் வேண்டும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே நர்சம்மாவிடம் கேளுங்கள். மூன்றாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

கெடுதலும் அந்த மாதங்களில்தான் அதிகம் தாக்கும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்று ஒரு மாத்திரை வந்தது. மசக்கை வாந்திக்கு அதைத் தின்றார்கள். பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தார்கள். 1961இல் அங்கே அதன் விற்பனையை நிறுத்தினார்கள். ஆகவே, கடையில் கேட்டு மாத்திரை வாங்கித் தின்ன வேண்டாம். சாராயம், புகையிலை, பூச்சிமருந்து, எல்லாமே ஆகாது. பீடி பிடிக்கும் ஆண்களே, அந்தப் புகை உங்களோடு நிற்பதில்லை. அவளுக்கும் போகிறது.

இனி உப்பின் கதை.

இமாச்சலப் பிரதேசத்தில், இமயமலை அடிவாரத்தில், காங்ரா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே மண்ணிலிருந்த அயோடின் சத்தைத் தண்ணீர் காலங்காலமாக அரித்துக்கொண்டு போய்விட்டது. மண்ணில் இல்லாதது பயிரிலும் இல்லை. அதனால் பலருக்குக் கழுத்து வீங்கியது. வீக்கம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடு வயிற்றுக்குள் நடக்கும். முதல் மூன்று மாதம் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் கழுத்துச் சுரப்பி தரும் சத்தால்தான். தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால், பிள்ளை காது கேளாமல், பேச்சு வராமல், புத்தி வளராமல் பிறக்கலாம். இதையும் பூர்வஜென்மப் பாவம் என்றுதான் சொல்லி வந்தார்கள்.

டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே போனார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். 1956 முதல் இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற ஊர்களில் கழுத்து வீக்கம் வெகுவாகக் குறைந்தது. மற்றப் பகுதியில் குறையவில்லை. 1962இல் அரசு இதை நாட்டுத் திட்டமாகவே தொடங்கியது.

"நாங்கள் கடலோரத்துக்காரர்கள், எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கடலோரத்திலும் அயோடின் குறை உண்டு. உப்புப் பாக்கெட்டில் அயோடின் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியுமே! மூடி போட்ட டப்பாவில், ஈரம் படாமல் வையுங்கள். அடுப்பருகே வேண்டாம்.

இத்தனையும் செய்தும் சில குழந்தைகள் குறையோடு பிறக்கும். பல குறைகளுக்கு டாக்டருக்கே காரணம் தெரியாது. அந்தத் தாயைக் குடைய வேண்டாம். பிளந்த உதட்டைத் தைத்துச் சரிசெய்யலாம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். அரசுத் திட்டத்தில் இதற்குச் செலவில்லை. பிறந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அதுவரை பால் குடிக்கச் சிரமப்படும். தலையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள்.