கிழித்துப் போட்ட கட்டுரை: ஹோல்டன் கதை சொல்லும் விதம்

    

ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ 1951இல் வந்தது. கதை சொல்லும் ஹோல்டன் கால்ஃபீல்டுக்கு 17 வயது. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, முந்திய கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் நியூயார்க்கில் அலைந்த கதையைச் சொல்கிறான். நண்பர்களில் ஒரு சாரார் அவனைப் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை என்று தள்ளிவிடுவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இன்னொரு சாரார், தம்பி செத்த அதிர்ச்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மருந்துச் சீட்டு எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். என் வழக்கு இவர்களோடுதான். அந்தச் சாவை அவன் எந்த இடத்தில், எந்தச் சாக்கில் சொல்கிறான் என்று இவர்கள் பார்ப்பதே இல்லை.

ஐந்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் ஒரு பெண்ணோடு வெளியே போகிறான். தன் ஆங்கில வகுப்புக் கட்டுரையை எழுதி வைக்கும்படி ஹோல்டனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அறையையோ வீட்டையோ வர்ணிக்க வேண்டும். ஹோல்டனுக்கு எந்த வீடும் தோன்றவில்லை. தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். இடக்கைப் பழக்கமுள்ள பையன் ஆலி. மைதானத்தில் சும்மா நிற்கும் நேரத்தில் படிக்கலாமே என்று, கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். இதைச் சொல்லும் போக்கிலேயே அவன் இரத்தப் புற்றுநோயில் இறந்ததும் வந்துவிடுகிறது. 1946 ஜூலை 18: தேதி துல்லியமாக இருக்கிறது. அன்றிரவு 13 வயது ஹோல்டன் கார் கொட்டகையில் படுத்து, அதன் ஜன்னல் கண்ணாடி அத்தனையையும் கையால் குத்தி உடைத்தான். காரின் கண்ணாடிக்குப் போவதற்குள் கை முறிந்திருந்தது. மழை பெய்தால் இன்னும் வலிக்கும், முஷ்டி சரியாக மடங்காது என்கிறான். உடனே பேச்சைக் கட்டுரைக்குத் திருப்பிவிடுகிறான்.

கவனியுங்கள். துக்கம் இங்கே வீட்டுப்பாடமாக, அதுவும் அடுத்தவன் பெயரில் வருகிறது. ஸ்ட்ராட்லேட்டரின் தம்பி என்று ஆசிரியர் நம்பட்டும் என்பதற்காக ஆலியின் பெயரைக்கூட மாற்றுகிறான். ஸ்ட்ராட்லேட்டர் வந்து படித்துவிட்டுக் கத்துகிறான்: கேட்டது வீடு, நீ எழுதியது கையுறை! ஹோல்டன் தாளை வாங்கிக் கிழித்துப் போடுகிறான். நம் கையிலிருக்கும் புத்தகம் அந்தக் கட்டுரையின் இரண்டாம் முயற்சி என்பது என் கட்சி. இம்முறை சொந்தப் பெயரில் சொல்கிறான்; ஆலியும் ஆலியாகவே வருகிறான். அதிர்ச்சியைக் காரணமாக மட்டும் காட்டுபவர்கள் இதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

ஆலியின் சாவைப் பற்றிய மிச்சம் இருபதாம் அத்தியாயத்தில், சென்ட்ரல் பார்க் குளிரில் வருகிறது. தம்பியின் இறுதிச் சடங்கில் நான் இல்லை, கையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்கிறான். கண்ணாடியைப் பற்றிப் பேச்சே இல்லை. துக்கத்தில் ஓங்கிய கைதான் அவனை அந்தச் சடங்குக்குப் போகவிடாமல் செய்தது என்பதை, பதினைந்து அத்தியாயம் தள்ளி நாம்தான் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரமாகிறது. ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டரோடு ஜன்னலிலிருந்து குதித்து இறந்த ஜேம்ஸ் காசிலைப் பற்றித் தனியே பேச வேண்டும். சாலிஞ்சர் 1944இல் நார்மண்டியில் கரையிறங்கியவர் என்பதால் நாவலைப் போரோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. போடட்டும், போருக்குப் போகும் முன்பே அவர் எழுத்தில் ஹோல்டன் பிறந்துவிட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்றிரண்டு. 1999இல் வந்த இரண்டு நாவல்களை இதோடு வைத்துப் பார்க்கலாம். லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’கில் மெலிண்டாவுக்குத் தனக்கு நடந்தது தெரியும், வாய் வராது. ஸ்டீபன் ஷபாஸ்கியின் ‘தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃப்ளவர்’ நாவலில் சார்லிக்குத் தனக்கு நடந்தது நினைவில் எழுவதே கடைசியில்தான். மெலிண்டாவுக்கு ஓவிய வகுப்பு மரம், சார்லிக்கு ஆசிரியர் எழுதச் சொல்லும் கட்டுரைகள்: பள்ளி வேலை என்ற வடிவத்தையே ஒருவர் எடுத்துச் செய்யலாம். ஹோல்டன் வரலாற்றுத் தேர்வுத்தாளின் அடியில் ஆசிரியருக்கு எழுதிய குறிப்பும் அதில் சேரும். அதை விரிக்க இன்று நேரமில்லை.