எழுத்துகள் எவர்க்கும் தனியுடைமை அல்ல
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தை அஞ்சாது கற்பதற்கு எளிய வழி ஒன்று கூறுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இரவுப் பாடம் நடத்திய பட்டறிவால் நாம் கண்ட வழியையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1690ஆம் ஆண்டில் கடலூர்க் கடற்கரையிலிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று ஆங்கிலேயர் பெயரிட்டனர். அந்நாள் தொட்டே ஆங்கிலம் நம் மாவட்டத்தின் வாயிலில் நிற்கின்றது. ஆனால் அம்மொழியைக் கற்கும் வாய்ப்பு நம் தெருக்களுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கிய பின்னரே, நம்மவர் பிள்ளைகள் பலர் பலகையும் பலப்பமும் கையிலேந்தினர். ஆகவே, ஆங்கிலம் நமக்கு வரவில்லை என்று எவரேனும் கூறின், அது அறிவின் குறையன்று. காலந்தாழ்ந்து கிட்டிய வாய்ப்பின் விளைவே என்பதை உணர்தல் வேண்டும்.

தமிழில் எழுதியவாறே பெரும்பாலும் படிக்கின்றோம். ஆங்கிலமோ அவ்வாறன்று. ஈ, ஏ, ஆர் என்னும் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். அவை சேர்ந்து நின்றால் செவியைக் குறிக்கும் ‘இயர்’. முன்னே எச் சேர்ந்தால் கேட்டலைக் குறிக்கும் ‘ஹியர்’. அதன் பின்னே டீ சேர்ந்தால் இதயத்தைக் குறிக்கும் ‘ஹார்ட்’. முன்னே பி வந்தால் கரடியைக் குறிக்கும் ‘பேர்’. எழுத்து மூன்றும் மாறவில்லை. ஒலியோ மாறிக்கொண்டே செல்கின்றது. ஒலியை மட்டும் நம்பிய பிள்ளை இங்கேதான் இடறி விழுகின்றது.

எனவே சொற்களை எழுத்துக் கூட்டமாகத் தேடிப் பழகுதல் நலம். அகராதி முதலெழுத்து வரிசையில் அமைந்தது. ஆகையால் சொல்லின் நடுவில் மறைந்து நிற்கும் எழுத்துகளை அது நேரே காட்டாது. பழைய ஆங்கில நாளிதழ் ஒன்றை விரித்து, குறித்த மூன்று எழுத்துகள் சேர்ந்து வரும் சொற்களையெல்லாம் அடிக்கோடிடுக. பின்னர் ஒவ்வொன்றின் பொருளையும் அகராதியில் காண்க. அதே ஈ, ஏ, ஆர் எழுத்துகளைத் தேடிய மாணவன் ஒருவன், கற்றலைக் குறிக்கும் ‘லேர்ன்’ என்னும் சொல்லின் முதலெழுத்தை நீக்கினால் பொருளீட்டலைக் குறிக்கும் ‘ஏர்ன்’ நிற்பதைக் கண்டு துள்ளினான். அவ்விரு சொற்களையும் அவன் இனி மறப்பானோ?

நாளிதழில் எழுத்துகளை எண்ணுவது வீண் வேலையன்று. அமெரிக்க நாட்டில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரெட் பட்ஸ் என்பார், எந்த எழுத்து எத்துணை முறை வருகின்றது என்பதை நாளிதழ்ப் பக்கங்களில் எண்ணிப் பார்த்தே ஒரு சொல் விளையாட்டை அமைத்தார். அதுவே 1948இல் ஸ்கிராபிள் என்னும் பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. அதன் 100 துண்டுகளில் ஈ எழுத்துக்கு மட்டும் 12 உண்டு.

இனி, நம் நெஞ்சைத் தைத்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் வேண்டும். ஒருநாள் பி, ஏ, ஆர் என்னும் எழுத்துகளைத் தேடுமாறு பிள்ளைகளைப் பணித்தோம். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அகராதியைப் புரட்டிக்கொண்டே வந்தவள், திடீரென நூலை மூடிவிட்டுத் தலைகவிழ்ந்தாள். அவள் கண்டது ‘பரையா’ என்னும் ஆங்கிலச் சொல். பறையர் என்னும் நம் குலப்பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் வழியாக ஆங்கிலத்துள் புகுந்தது. பின்னாளில் எல்லாராலும் விலக்கி வைக்கப்பட்ட எவரையும் குறிக்கும் வசைச் சொல்லாயிற்று. இன்றும் உலக அரசியல் எழுதுவோர் அதனைக் கூசாது வழங்குகின்றனர்.

அச்சிறுமிக்கு நாம் இரண்டு செய்திகளைக் கூறினோம். முதலாவது, அப்பெயரை இழிவென்று கருதி ஒளியாமல், 1893இல் தம் இதழுக்கே ‘பறையன்’ என்று பெயர் சூட்டினார் இரட்டைமலை சீனிவாசன். அவரே 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் சார்பாளராக அமர்ந்தார். இரண்டாவது, அகராதியை மூடாதே, இன்னும் தேடு என்றோம்.

அவள் தேடினாள். அதே மூன்று எழுத்துகளில் பெற்றோரைக் குறிக்கும் ‘பேரண்ட்’ கிடைத்தது, ஆயத்தமாதலைக் குறிக்கும் ‘பிரிபேர்’ கிடைத்தது, ‘பார்லிமெண்ட்’ கிடைத்தது, தீப்பொறியைக் குறிக்கும் ‘ஸ்பார்க்’ கிடைத்தது. தேர்வில் பலரும் பிழையாக எழுதும் ‘செபரேட்’ என்னும் சொல்லின் நடுவிலும் அவ்வெழுத்துகளே உள்ளன. அதனை நினைவிற்கொண்டால் பிழை நேராது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நாட்டில் அச்சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை!

இறுதியாக அவள் கண்டது ‘அபார்ட்’. விலகி நிற்பது என்பது பொருள். முதலெழுத்தை அடுத்துச் சிறிது இடம்விட்டு எழுதினால் அதுவே ‘ஒரு பங்கு’ என்றாகின்றது. எழுத்தொன்றும் கூடவில்லை, குறையவில்லை. எழுதுகின்ற கை மாறினால் பொருளும் மாறும் என்பதை அச்சிறுமி நமக்கே கற்பித்தாள்.

இளைஞர்களே! கடலூர் முதல் சிதம்பரம் வரை நம் தெருக்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அகராதி வைப்போம். படித்தவர் ஒருவர் ஐந்து பிள்ளைகளுடன் நாள்தோறும் அரைமணி நேரம் அமர்ந்து, மூன்று எழுத்து கொடுத்துப் பத்துச் சொல் தேடச் செய்வோம். ஆங்கில எழுத்து இருபத்தாறும் எவர்க்கும் பட்டா எழுதித் தரப்படவில்லை. பிறர் நமக்கு எழுதிய சொல்லைப் படித்துத் தலைகவிழ்ந்த காலம் போகட்டும். நமக்குரிய சொல்லை நாமே எழுதும் காலம் வருக!