திருவிழாச் சோடனையும் மின்சாரமும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு இச்சங்கத்தின் மேடை ஏற்ற இடந்தானா என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற வருடம் ஏழாந் திருவிழா இரவு வடக்கு வீதியில் நின்றவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். மழை ஓய்ந்து அரை மணி நேரம் இருக்கும். ரியூப் லைற் கட்டியிருந்த இரும்புக் கம்பம் சற்றுச் சரிந்திருந்தது. நம்மவர் ஒருவர் அதை நிமிர்த்தப் போனார். பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. அருகில் நின்ற ஒருவர் உலர்ந்த பலகை ஒன்றினால் தட்டி விலக்கியதால் அவர் இன்று நம் மத்தியில் இருக்கிறார். பின்னர் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் தடித்த செப்புக் கம்பி முறுக்கியிருந்தது. "அடிக்கடி பியூஸ் போகுது தம்பி, அதுதான்" என்றார் சோடனைக்காரர்.

அவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. உண்மையைச் சொல்லப்போனால், சரியான பியூஸ் இருந்திருந்தாலும் அன்று அது உருகியிராது. அதன் காரணத்தை விளக்கவே இங்கு வந்தோம்.

செம்பும் அலுமினியமும் நல்ல கடத்திகள் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குந் தெரியும். மனித உடலும் ஒரு கடத்தியே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். உலர்ந்த தோல் ஓரளவு தடை செய்யும்; நனைந்துவிட்டால் அத்தடை பெரிதுங் குறையும். அப்பொழுது உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொள்ளலாம். நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ற். வகுத்துப் பாருங்கள்: கால் அம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டம். பழைய 60 வாட் மின்குமிழ் ஒன்றை எரிப்பதற்கு வேண்டிய மின்னோட்டமும் ஏறக்குறைய அவ்வளவே. 10 மில்லி அம்பியரளவில் தசை இறுகிப் பிடித்ததை விடமுடியாமற் போகிறது; 100 மில்லி அம்பியர் சில கணம் மார்பினூடே பாய்ந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடுகிறது. ஐந்து அம்பியர் பியூஸுக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டல்ல. ஒருவர் இறந்துகொண்டிருக்கும்பொழுதும் பியூஸ் தன் கடமையைச் சரிவரவே செய்துகொண்டிருக்கும். ஏனெனில் அது வயர் எரிந்து தீப்பற்றாமற் காப்பதற்கென்று அமைந்தது, மனிதனைக் காப்பதற்கன்று.

"எர்த் அடித்திருக்கிறோமே" என்று பெரியோர் கேட்பது நியாயமே. எர்த் கோலை நாட்டும் நிலமும் நல்ல கடத்தியாயிருந்தாற்றான் அதனாற் பயன். வரண்ட மாதங்களில் கல்லுப் பூமியில் அடித்த கோலின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பழுதுபட்ட கம்பத்திலிருந்து அதனூடு பாயக்கூடியது 4.6 அம்பியர் மட்டுமே. ஐந்து அம்பியர் பியூஸ்தானும் அதற்கு உருகாது. கம்பத்தில் மின் நின்றுகொண்டேயிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பவந்ததே நாம் ட்றிப் சுவிச் என்று சொல்லும் கருவி. போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டும் ஒரே இரும்பு வளையத்தினூடு செல்கின்றன. போனது முழுவதுந் திரும்பினால் வளையம் சும்மா இருக்கும். ஒருவர் உடலினூடு சிறிதளவு நிலத்துக்கு ஒழுகினாலும் கணக்குப் பிசகுகிறது. உடனே சுவிச் விழுகிறது. வீட்டுக்குரியது 30 மில்லி அம்பியர் பிசகுக்கே விழவேண்டும். சுரங்கத் தொழிலாளருக்கு இதிற் பங்குண்டு: 1955 ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்காவில் ஹென்றி றூபின் என்பவர் தங்கச் சுரங்கங்களுக்காகவே நுட்பமான ஒழுக்குக் காவற் கருவியை ஆக்கினார். அமெரிக்காவில் பேராசிரியர் சாள்ஸ் டால்சியல், எவ்வளவு மின்னோட்டம் வரை மனிதனாற் கையை விடமுடியும் என்பதைத் தாமாக முன்வந்தோர் மீது அளந்தறிந்து, 1961 இல் தமது கருவியை அமைத்தார். (அளப்பதற்குக் கையை நீட்டியவர்களுள் மாணவர்களும் இருந்தனர். நமது பல்கலைக்கழகத்தில் அப்படிக் கேட்டால் எத்தனை பேர் வருவார்களோ!)

இக்கருவியும் சர்வரோக நிவாரணியன்று. இரு கம்பிகளையும் இரு கைகளாற் பற்றி, நிலத்தைத் தொடாது நிற்பவரைப் பல்புக்கும் மனிதனுக்கும் வேற்றுமை தெரியாத இச்சுவிச் காப்பாற்றாது. வீதியாற் செல்லும் உயரழுத்தக் கம்பியையும் இது அறியாது. 2022 ஏப்பிரல் 27 ஆம் திகதி தஞ்சாவூரையடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியிற் பட்டு, சிறுவர் உட்படப் பதினொருவர் மாண்டனர். அங்கே வேண்டியிருந்தது தேரின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் முன்கூட்டியே அளந்து, தேர் கடக்கும் வரை மின்னை நிறுத்துவிப்பது. நமது சப்பறத்தையும் யாரும் இதுவரை அளந்ததில்லை. கண்ணால் மட்டிட்டே இழுக்கிறோம்.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சிறிது. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. அதற்கும் முன்னரே, 1934 இல், வேலையாட்களுக்கு விபத்து நட்டஈடு வழங்குவதற்கான கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாற் கோயில் வீதி தொழிற்சாலையன்று. சோடனைக்காரரின் கீழ்ச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பையன் நட்டஈட்டுச் சட்டத்தின்படி கேட்க வழியுண்டு. கம்பத்தை நிமிர்த்தப்போன நம்மவர் யாரிடமும் சம்பளம் பெறாதவர், ஆகவே அவர் சட்டத்தின் கண்ணில் வேலையாள் அல்லர். அவரது தாயார் எந்தக் கந்தோருக்குப் போயிருப்பார்? இங்கிலாந்தில் 1974 ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நடத்துவோர் தம்மிடம் வேலை செய்யாதவர்களுக்கும் ஆபத்து நேராமற் பார்க்கவேண்டுமென்று கடமை விதித்தது. அவ்வாறான ஏற்பாடு நம் நாட்டிலும் முழுமையாக வரவேண்டுமென்பது நமது துணிபு.

கருவிக்கும் சட்டத்துக்குமுள்ள வழக்கு புதிதன்று. 1780 இல் பிரான்சு தேசத்தில் சென் ஓமேர் என்னும் ஊரில் ஒருவர் தம் வீட்டில் இடிதாங்கி நாட்டினார். அயலவர் பயந்து முறையிட, அதிகாரிகள் அகற்றும்படி கட்டளையிட்டனர். 1783 இல் மேன்முறையீட்டில் அவருக்காக வாதாடி வென்றவர், பின்னர் வேறு காரணத்தாற் பெயர்பெற்ற றொபெஸ்பியர்; அப்பொழுது வயது இருபத்தைந்து. காக்கவந்த கருவியைக் கண்டு அஞ்சியவர்கள் அவர்கள். நம்மிடமோ அஞ்சவேண்டியதைக் கண்டும் அச்சமில்லை. ட்றிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்து நேரே வயர் கொடுத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அது விழுவது எங்கோ ஒழுக்கு இருப்பதாற்றான்.

சபையோரிடம் நாம் கேட்பது இவ்வளவே. அடுத்த கொடியேற்றத்துக்கு முன், 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச் பொருத்திய மூடு பலகைகள் இரண்டைச் சங்கம் தன் செலவிற் செய்வித்துக்கொள்ளவேண்டும். வீதிச் சோடனை முழுவதும் அவற்றின் வழியே மின் பெறவேண்டும். ஒவ்வொரு நாளும் விளக்கேற்றுமுன் அவற்றின் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்ப்பதற்கு நம்முள் இருவர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஏழாந் திருவிழாவன்று கம்பத்தைப் பிடித்தவர் அவ்விருவருள் ஒருவர். செலவு விபரம் எழுதிய தாளைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். அதனைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.