முட்டை சிறுத்தலும் தீவனக் கொழுப்பும்

கமக்காரர்களே, புதுப்பேடுகளின் முட்டை சிறிதாயிருத்தல் இயல்பே. முதிர்ந்த பேடுகளும் சிறுமுட்டை இடுமாயின், தீவனத்திலுள்ள கொழுப்பின் தன்மையை ஆராய்தல் வேண்டும்; சிறுமுட்டைக்குச் சந்தையில் நல்ல விலை கிடையாதன்றோ!

இலினோலெயிக் அமிலம் எனும் கொழுப்பமிலத்தைக் கோழி தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலேயே பெறவேண்டும். அது குறையின் முட்டை சிறுக்கும். தீவனத்தில் அது நூற்றுக்கு 1 பங்காவது இருத்தல் வேண்டும்.

தேங்காய்ப் பிண்ணாக்கில் எண்ணெய் எஞ்சியிருப்பினும், தேங்காயெண்ணெயில் இவ்வமிலம் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கே. நல்லெண்ணெயிலோ ஏறக்குறைய 40 பங்கு. ஆதலால் தேங்காய்ப் பிண்ணாக்கை மட்டும் நம்பாது, எள்ளுப் பிண்ணாக்கும் சோளமும் கலந்து கொடுங்கள்.

அரிசித் தவிட்டிலும் இது உண்டு. ஆனால், நெல்லைத் தீட்டியவுடனேயே தவிட்டிலுள்ள எண்ணெய் கெடத் தொடங்கும்; கெட்ட எண்ணெய் உயிர்ச்சத்து ஈயையும் அழிக்கும். புதுத்தவிட்டைச் சிறிது சிறிதாக வாங்குங்கள். காறல் வாடை வீசுவதை மலிவென்று வாங்காதீர்கள்.