கடல் கடந்து கற்ற பாடம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டின் மறைபரப்புப் பணியாக நம் பங்கின் இளைஞர் பதினான்கு பேரோடு இலங்கையின் மன்னார் மறைமாவட்டத்திற்குச் சென்று, பத்து நாட்கள் தங்கித் திரும்பினோம். அதைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். வெற்றிச் செய்தி ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்களானால் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். நாங்கள் கொண்டுவந்திருப்பது பெரும்பாலும் ஒரு பாவசங்கீர்த்தனமே.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது நம் கடற்கரைத் தெருப் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "சாமி, இம்புட்டுத் துட்டையும் பிளேனுக்குக் கொடுத்துட்டு அங்க போயி என்ன செய்யப் போறீக? நம்ம ஊர்லயே ஒழுகுற கூரை எத்தனை கெடக்கு?" என்றார். திருச்சபை தன் இயல்பிலேயே மறைபரப்பும் சபை என்று 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்ததை எடுத்துச் சொன்னோம். பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். ஆனால் அந்தப் பதில் அவருக்கும் நிறைவு தரவில்லை, எங்களுக்கும் நிறைவு தரவில்லை.

மன்னாரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மன்னார் மக்கள் விரும்பி அழைத்தபோது 1544-இல் தமக்குப் பதிலாக ஒரு குருவை அங்கே அனுப்பினார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி அதே ஆண்டில் வெட்டிக் கொல்வித்தான். ஆக, நம் கரையிலிருந்து போன விசுவாசத்திற்கு அவர்கள் இரத்தத்தால் விலை கொடுத்தார்கள். அந்த மண்ணுக்கு நாம் கடன்பட்டவர்கள் என்று எண்ணியே போனோம்.

ஆனால் போன விதத்தைக் கேளுங்கள். பெட்டி பெட்டியாகச் சட்டைகள், நோட்டுப் புத்தகங்கள், மிட்டாய்கள், ஒத்திகை பார்த்த நாடகம் ஒன்று. 2009-இல் போர் முடிந்தபின் மக்கள் மீண்டும் குடியேறிய ஒரு சிற்றூரில், கோவில் முற்றத்தில் அவர்களை வரிசையாக நிற்க வைத்துத் துணிகளைக் கொடுத்தோம். நம் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி படத்தில் விழாமல் தாயின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். நாங்கள் அதைப் பார்த்தோம், பார்த்தும் நிறுத்தவில்லை.

அன்று மாலை அந்தத் தாய் வந்தார். போரின் கடைசி நாட்களில் காணாமற்போன மகனைப் பற்றிச் சொன்னார். பிறகு கேட்டார்: "சுவாமி, என்ர அக்காவும் பிள்ளையளும் தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில ஏறி உங்கட நாட்டுக்கு வந்தவை. இப்பவும் முகாமிலதான் இருக்கினம். உங்கட ஊர்ப் பக்கமும் முகாம் இருக்குதோ? எங்கட சனத்தைப் போய்ப் பாக்கிறனீங்களோ?"

எங்கள் பதினைந்து பேரின் தலையும் கவிழ்ந்தது. நம் கோவிலிலிருந்து மூன்று மைல் தூரத்தில் முகாம் இருக்கிறது. வருடத்திற்கொரு முறை கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புகிறோம். அந்த வாசலைத் தாண்டி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. பங்குச் சுவாமியாரும் இல்லை. நல்ல சமாரியர் உவமையில் விலகிப் போனவர்களில் முதல்வர் ஒரு குரு என்பதை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்!

மறுநாள் மடு மாதாவின் திருத்தலத்திற்குப் போனோம். டச்சுக்காரர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670-ஐ ஒட்டி, மாந்தை மக்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்த இடம் அது. 2008-இல் போர் நெருங்கியபோது அதே சுரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்து, மறுபடியும் திரும்பி வந்தது. அந்தத் தாயும் அகதியாக அலைந்தவளே. தமிழரும் சிங்களவரும் அங்கே அருகருகே முழந்தாளிட்டிருந்தார்கள்.

அங்கேதான் புனித சூசை வாஸ் அடிகளைப் பற்றி நம் இளைஞர்களிடம் பேசினோம். கோவாவில் பிறந்த அவர், குருக்களுக்குத் தடை இருந்த நாட்டிற்குள் 1687-இல் பிச்சைக்காரர் கோலத்தில் நுழைந்தார். கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லை. மக்களின் மொழியைக் கற்றார். நோயுற்றபோது அவர்கள் பராமரிப்பில் பிழைத்தார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போய் மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைக் கண்டார். 1711-இல் கண்டியில் இறக்கும்வரை அம்மக்களை விட்டுத் திரும்பவில்லை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். வாங்கத் தெரிந்தவரே மறைபரப்பாளர் ஆகிறார்; நாங்களோ கொடுக்க மட்டுமே போயிருந்தோம்.

திரும்பிய வாரமே முகாமுக்குப் போனோம், வெறுங்கையோடு. அவர்கள் தேநீர் கொடுத்தார்கள், குடித்தோம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்று, இந்நாட்டுக் குடியுரிமை இல்லாததால் வேலைக்குத் தவிக்கும் இளைஞர்களைச் சந்தித்தோம். நம் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும். அடுத்த ஞாயிறு, முன்பு எங்களைக் கேள்வி கேட்ட பெரியவரும் உடன் வந்தார். பேசாலையிலிருந்து வந்த முதியவர் ஒருவரோடு வலையைப் பற்றியும் வாடைக் காற்றைப் பற்றியும் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில், "சாமி, இதுக்கு பிளேன் வேண்டாமே" என்றார். உண்மைதான். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் வேண்டியிருக்காது. மூன்று மைலைக் காட்டுவதற்கு ஆண்டவர் எங்களைக் கடல் தாண்ட வைத்தார்.

ஆகவே பொன்விழா காணும் பங்கு மக்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நம் அன்பியங்கள் முறைவைத்து முகாமுக்குச் செல்லட்டும். அவர்களும் நம் வீடுகளுக்கு விருந்தாளிகளாக வரட்டும். இரண்டாவது, உதவி பெறுபவரின் முகத்தைப் படம் பிடிக்கும் வழக்கம் இப்பங்கில் இன்றோடு ஒழியட்டும். மூன்றாவது, இனி நம் இளைஞர் வெளிநாடு போவதாயின், என்ன தேவை என்று அங்குள்ளவர்களை முதலில் கேட்கட்டும். பயணச் செலவுக்குச் சமமான தொகையை இங்குள்ள ஒழுகும் கூரைகளுக்கும் திரட்டட்டும்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வரலாற்றை எழுதுவோர், இக்கோவிலின் வாசல் முகாமின் பக்கமும் திறந்தது என்று எழுதட்டும். மடு அன்னையின் மன்றாட்டால் இறைவன் நம் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.